ஆறடிக் கட்டிலுக்குப் பதினாறு பலகை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரவிக்கைப் பொட்டலத்துக்குள்ளிருந்து எடுத்தேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார் தெருவில் ஒரு மாடிக் கடையில் மூன்று ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், மடிப்புக் கலையாமல் இருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழைய தாள். இரண்டில் நாளிதழ். மூன்றாவதில் கட்டம் போட்ட தாள், நீலப் பேனாவில் அச்சடித்தது போன்ற கையெழுத்து:

நீளச் சட்டம், ஆறடி மூன்று அங்குலம்: 2
அகலச் சட்டம், ஆறடி: 2
குறுக்குப் பலகை, ஆறடி: 12
கால், பதினாலு அங்குலம்: 4 (மீதியில் எடுக்கலாம்)
பத்தடிப் பலகை மொத்தம்: 16. கையிருப்புக்கு 2.
ரம்பம் தின்பது: வெட்டுக்கு ஒரு நூல்.

அதன்மேல் வேறொருவர் சிவப்புப் பென்சிலால் புகுந்து விளையாடியிருந்தார். பதினாறை அடித்து ஒன்பது. 'ஆறடி' என்று வரும் இடத்திலெல்லாம் வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அடியில் ஒரே ஒரு சொல்: 'யோசிங்க.'

நான் காதல் கடிதங்கள் படித்திருக்கிறேன். கல்லூரியில் மற்றவர்களுக்காக எழுதியும் கொடுத்திருக்கிறேன், ஒரு கடிதத்துக்கு ஐஸ் போட்ட மைலோ பெங் ஒன்று கூலி. இந்தத் தாளைப் படித்து வெட்கப்பட்ட மாதிரி எதற்கும் வெட்கப்பட்டதில்லை. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்துவிடும், கதை கெட்டுவிடும். ஆகவே கேட்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

தொடக்கம் அ: 'மழை பெய்துகொண்டிருந்தது.'

(பினாங்கில் மழை பெய்வது ஒரு செய்தியா? அடித்தாயிற்று.)

தொடக்கம் ஆ: 'ஐம்பத்தேழாவது வயதில் திருநாவுக்கரசு காதலில்'

(நிறுத்து. இது 'விழுந்தார்' என்று முடியும். அந்த வயதில் விழுந்தால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.)

தொடக்கம் இ: 'ஒரு பத்தடிப் பலகையில் ஆறடித் துண்டு எத்தனை வெட்டலாம்?'

இது பிடித்திருக்கிறது. கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்து பாதிப் பேர் ஓடிப்போவார்கள். மீதிப் பேர் எனக்குப் போதும். விடை: ஒன்றுதான் வெட்டலாம். மிச்சம் நாலடி வீண். அந்த நாலடியைப் பற்றித்தான் இந்தக் கதை.*

* 'கதை எழுதுவதும் பலகை வெட்டுவதும் ஒன்றுதான்' என்று நான் எங்காவது சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். கதையில் தவறாக வெட்டினால் ஒட்டிக்கொள்ளலாம்.

3.

திருநாவுக்கரசு பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். எந்த அலமாரியில் எந்தத் திருகாணி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சொல்வார். மனைவி இறந்து ஒன்பது வருடம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஜெலுத்தோங்கில் சொந்த வீடு, வாசலில் காடி நிறுத்த சிமெண்டுத் தரை, வேலியோரம் ஒரு கறிவேப்பிலை மரம்.

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்தொன்று. தையல் கடை அவருடையது. கணவரை விட்டு வந்து பதினாறு வருடம், முறையாகக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிரிவு. பிள்ளைகள் இல்லை.

இருவரையும் சேர்த்துவைத்தது திருநாவுக்கரசுவின் இடுப்பு. வேலைக்குப் போட்டுப் போகும் கால்சட்டையை இடுப்பில் பிரித்துவிடச் சொல்லிக் கொண்டுபோனார். ஆறு மாதம் கழித்து மறுபடி பிரிக்க. அப்புறம் மறுபடி. இரண்டு வருடத்தில் அந்தக் கால்சட்டையில் பிரிக்கத் துணியே இல்லாமல் போனபோது, பிடித்துத் தைக்கச் சொல்லிக் கொண்டுபோனார். மூன்று மாதமாக ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருந்தார். யாருக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, புதன்கெழமை வாங்க" என்பார் புஷ்பவள்ளி எப்போதும். "அண்ணே, பில்லு மேசையில இருக்கு." ஒரு புதன்கிழமை திருநாவுக்கரசு படியேறிப் போனதும், "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னார். 'அண்ணே' வரவில்லை. கையிருப்பில் ஒரு பொருள் குறைந்தால் திருநாவுக்கரசுவுக்குத் தெரியாமல் போகுமா? படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அவ்வளவு சந்தோஷம்.

நாலு மாதம் கழித்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டார். புஷ்பவள்ளி சரி என்றார். ஒரு நிபந்தனை.

"உங்க வீட்டுக் கட்டில்ல நான் படுக்க மாட்டேன். அது அவங்க கட்டிலு. என் வீட்டுக் கட்டில்ல நீங்க படுக்க வேணாம். அது எனக்கே பிடிக்காது. புதுசு ஒண்ணு பாருங்க."

"நானே செஞ்சிர்றேன்!" என்றார் திருநாவுக்கரசு.

அவர் வாழ்க்கையில் அதுவரை செய்த மரவேலை: ஷூ ரேக், ஒன்று. அதுவும் லேசாக இடது பக்கம் சாயும்.

4.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கட்டிலுக்கு நீளம் பிரச்சினை இல்லை, மனுஷன் எவ்வளவு உயரமோ அதற்குமேல் கொஞ்சம். அகலம்தான் பேசும். இரண்டு பேர் படுக்கும் கட்டிலின் அகலத்தை முடிவு செய்வதென்றால், அந்த இரண்டு பேர் எவ்வளவு தள்ளிப் படுப்பார்கள் என்று முடிவு செய்வது. கடைகளில் இரண்டு பேர் கட்டில் ஐந்தடி, இல்லாவிட்டால் ஆறடி. திருநாவுக்கரசு புஷ்பவள்ளியிடம் போய் 'ஐந்தடி போதுமா' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

(அவரைக் கேட்கவைக்க நான் மூன்று நாள் முயன்றேன். 'திருநாவுக்கரசு தொண்டையைச் செருமிக்கொண்டு' என்று எழுதுவேன். செருமுவார். அதற்குமேல் போக மாட்டார்.)

ஐந்தடி என்று சொன்னால் அவசரப்படுகிறார் என்று நினைத்துவிடுவாரோ? இந்த வயதில் இவருக்கு என்ன அவசரம் என்று சிரித்துவிடுவாரோ? ஆறடி மரியாதையான அளவு. நடுவில் ஒரு மூன்றாம் மனிதர் வந்து உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். அவர் ஆறடி என்றே முடிவு செய்தார், அதற்காக ராத்திரி முழுவதும் வருத்தப்பட்டார்.

யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நண்பர் ஹனீபாவின் ஹார்ட்வேர் கடைக்குப் போனார்.

"ஹனீபா, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு கட்டிலு செய்யறாரு..."

"எந்த ஆளுண்ணே? போன வாரம் தலைக்கு டை அடிச்சாரே, அந்த ஆளா?"

திருநாவுக்கரசு பேச்சை மாற்றி, அளக்கும் டேப் ஒன்று கேட்டார். ஹனீபா எடுத்துக் கொடுத்தது சீனர்கள் வாங்கும் டேப். பினாங்கில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் தொங்கும். அங்குலம் ஒரு ஓரம், சென்டிமீட்டர் மறு ஓரம், நடுவில் இரண்டு வரிசையாகச் சீன எழுத்துகள், சில சிவப்பில், சில கருப்பில்.

"சிவப்புல விழுந்தா நல்லது, கருப்புல விழுந்தா ஆகாது. அவ்ளோதாண்ணே" என்றார் ஹனீபா. ஹொக்கியன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

திருநாவுக்கரசு சாஸ்திரம் பார்க்கிறவர் இல்லை. ஆனால் டேப்போடு இலவசமாக வரும் சாஸ்திரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? கடை வாசலிலேயே ஆறடிக்கு இழுத்துப் பார்த்தார். தொழிற்சாலையில் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு, ஆகவே அவர் கண் சென்டிமீட்டர் ஓரமாகவே போய், அதை ஒட்டிய கீழ் வரிசையில் நின்றது.

சிவப்பு! அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் கருப்பு. ஆனால் சிவப்பு.

அன்று மாலையே கட்டம் போட்ட தாளில் வெட்டுக் கணக்கு எழுதினார். முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்தது அதுதான்.

5.

எழுதத் தெரிந்த யாரும் இந்த இடத்தில் ஓர் எதிர்ப்பைக் கொண்டுவருவார்கள். மகள் தனுஜாவைக் கூப்பிட்டேன். பாயான் பாரு அடுக்குமாடியிலிருந்து வந்தாள். கண்ணீர் விடச் சொன்னேன்.

'"அம்மாவை மறந்துட்டீங்களாப்பா?" என்று தனுஜா'

(அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, தன் சொந்த வாக்கியத்தைச் சொன்னாள்.)

"அப்பா, பெட்ஷீட்டு சேல் போட்டிருக்கான் லா. அஞ்சடியா ஆறடியா சொல்லுங்க, ரெண்டு செட் வாங்கிட்டு வர்றேன்."

"ஆறு" என்றார் திருநாவுக்கரசு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆறா? எதுக்குப்பா அவ்ளோ பெருசு?"

மகளிடம் இதற்கெல்லாம் எப்படிப் பதில் சொல்வது? கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். கொட்டுகிற மழையில் ஊற்றினார். தனுஜாவை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அவளால் இந்தக் கதைக்கு உபயோகமில்லை, அவ்வளவு நல்ல பெண்.

6.

அடுத்த புதன்கிழமை கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார். காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான்.

புஷ்பவள்ளி மிஷினை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை மேசையில் விரித்து, ரவிக்கைத் துணியைத் தடவுவது போல உள்ளங்கையால் நீவினார். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர். இரண்டரை மீட்டரில் இரண்டு சுடிதாரும் ஒரு குழந்தைச் சட்டையும் எடுப்பார். அப்படிப்பட்டவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

"பத்தடியில ஆறடி எடுத்தா, மீதி நாலடிய என்னா செய்வீங்க?"

"கால் எடுக்கலாம். அப்புறம் ஷூ ரேக் செய்யலாம்."

"பன்னெண்டு பலகையிலயும் நாலு நாலு அடி. நாப்பத்தெட்டு அடி. பள்ளிக்கூடத்துக்கா ஷூ ரேக் செய்யறீங்க?"

திருநாவுக்கரசு சிரித்தார். புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு பலகையின் நடுவில் கோடு போட்டார்.

"இங்க வெட்டுனா ஒண்ணுல ரெண்டு. துணின்னா தையலுக்கு விடணும். இதுல?"

"ரம்பத்துக்கு விடணும். ஒரு நூலு, அரைக்கால் அங்குலம்."

"அது சட்டத்துக்கு உள்ளதானே உக்காரும்? ஒரு நூல் கொறைஞ்சா கொறையட்டும்." கோடுகள் விழுந்துகொண்டே போயின. "குறுக்குக்கு ஆறு பலகை. ரெண்டு அகலச் சட்டத்துக்கு ஒண்ணு. நீளத்துக்கு ரெண்டு. மொத்தம் ஒம்பது. துண்டு வீணாகாது. பாருங்க."

பார்த்தார். ஐந்தடி. அவர் வாயால் வராத அளவு, சிவப்புப் பென்சிலில், அவர் கண்ணுக்கு முன்னால்.

இந்த இடத்தில் திருநாவுக்கரசு சொல்ல வேண்டிய வாக்கியத்தை உங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவீர்கள். எட்டு விதமாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். அத்தனையையும் கீழே போட்டுவிட்டு, அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"காசு பரவாயில்லே. பதினாறே வாங்கிக்கலாம்."

புஷ்பவள்ளி கண்ணாடியைக் கழற்றினார். "நான் காசப் பத்திப் பேசலே."

"அப்ப?"

ஆறடிகளுக்கு வட்டம் விழுந்தது. கேள்விக்குறிகள் விழுந்தன. "யோசிங்க" என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார். திருநாவுக்கரசு வியர்த்துப்போய், தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

(அது எப்படி என் ரவிக்கைக்குள் வந்தது என்று இப்போது புரிகிறதா? எனக்கும் இதை எழுதும்போதுதான் புரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.)

7.

யோசித்தார். இரண்டு நாள் யோசித்தார். சிக்கனமான பெண், வீண்செலவு பிடிக்கவில்லை என்று யோசித்து முடித்தார். என்ன செய்வது, நான் உருவாக்கிய ஆள்தான், ஆனால் என்னால் அவர் தலைக்குள் எதையும் ஏற்ற முடியவில்லை. டேப்தான் ஆறடியைச் சிவப்பில் காட்டுகிறதே, அதைவிடப் பெரிய சம்மதம் வேண்டுமா என்று, புக்கிட் தெங்காவில் ஒரு பலகை ஆலையில் நியாத்தோ மரத்தில் பத்தடிப் பலகை பதினாறும், கையிருப்புக்கு இரண்டும் எடுத்தார். ஹனீபாவின் லோரியில் பாலம் தாண்டி ஜெலுத்தோங்குக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலை, காடியைத் தெருவில் நிறுத்திவிட்டு, சிமெண்டுத் தரை முழுக்கப் பலகையைப் பரப்பினார்.

மூன்று வெட்டியாயிற்று. நாலாவதை அளந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மிஸஸ் தியோ கறிவேப்பிலை கேட்டு வேலியோரம் வந்தார்.

"அரசு, புவாட் அப்பா?" என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

கட்டிலுக்கு மலாயிலும் காத்தில்தான். மறைக்க வழியில்லை. "காத்தில்" என்றார் திருநாவுக்கரசு. டேப்பைத் தூக்கிக் காட்டி, நீங்களே பாருங்கள், சீனர் சாஸ்திரப்படி எல்லாம் சிவப்பு என்பதுபோல் கீழ் வரிசையை விரலால் தட்டினார்.

மிஸஸ் தியோ கறிவேப்பிலையைக் கீழே போட்டார்.

"ஐயோ, அரசு! இனி ஓராங் மாத்தி புன்யா லா!"

மலேசியாவில் பிறந்த யாருக்கும் இது புரியும். இது செத்தவர்களுடையது. கீழ் வரிசை கல்லறைக்கும் முன்னோர் பீடத்துக்கும். உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கும் கதவுக்கும் கட்டிலுக்கும் மேல் வரிசை. திருநாவுக்கரசு மூன்று குறுக்குப் பலகைகளைச் செத்தவர்களின் சிவப்பில் வெட்டி வைத்திருந்தார்.

"அத்தாஸ்? மேலே என்ன இருக்கு?" என்றார், குரல் கீச்சென்று போய்விட்டது.

மிஸஸ் தியோ மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஆறடிக்கு நேராக மேல் வரிசையைப் படித்தார். கருப்பு எழுத்து. அதற்கு மலாயில் என்ன சொல்வது என்று யோசித்தார். சொல் கிடைத்ததும் சொல்லத் தயங்கினார்.

"இனி... செராய்."

செராய். பிரிந்து போவது. கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்குவது. புஷ்பவள்ளி பதினாறு வருடத்துக்கு முன்னால் வாங்கியது.

திருநாவுக்கரசு பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் டேப்பை ஐந்தடிக்கு இழுத்தார். மிஸஸ் தியோ படித்தார். மேல் வரிசையிலும் சிவப்பு, கீழ் வரிசையிலும் சிவப்பு. மேல் வரிசைச் சிவப்புக்கு உத்தியோகத்தில் உயர்வு என்று பொருளாம். ஐம்பத்தேழு வயதில் உயர்வு வந்தால் என்ன வராவிட்டால் என்ன? ஆறடியில் வெட்டிவிட்ட மூன்றை என்ன செய்வது என்று கேட்கத் திருநாவுக்கரசு ஹனீபாவுக்குப் போன் போட்டார்.

"அதுக்கென்னாண்ணே, ஒரு அடிய வெட்டிப் போட்டுட்டு அஞ்சடியாக்குங்க" என்றார் ஹனீபா. "பலகைதானே, வளர்றதுக்கா போவுது?"

8.

இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை. மூன்று முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

முதல் முடிவு: அவர் யாருக்கும் தெரியாமல் ஆறடியிலேயே செய்துவிடுகிறார். நடுவில் ஒரு பந்தால் பெலோக், நீள உருளைத் தலையணை. இருவரும் அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள், ஆளுக்கொரு பக்கம். (சீ.)

இரண்டாவது: ஐந்தடிக்கு வெட்டி முடித்து, பாலீஷ் போட்டு, கல்யாணமும் ஆகி, எல்லாரும் நாசி பிரியாணி சாப்பிட்டு... (வாசகர்களுக்குப் பசிக்கும். வேறொன்றும் ஆகாது.)

மூன்றாவது: உத்தியோகத்தில் உயர்வு வருகிறது. (யாருக்கு வேண்டும்?)

மூன்றிலும் ஒரு கோளாறு. டேப் முடிவு செய்கிறது, இல்லையென்றால் பலகை முடிவு செய்கிறது. திருநாவுக்கரசு வாயே திறக்கவில்லை. நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு கிராப் வாடகைக் காடி வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை. அதிலிருந்து புஷ்பவள்ளி தோள் பையோடு இறங்கினார்.

9.

"என்னாது, மூஞ்சியெல்லாம் மரத்தூளு?"

திருநாவுக்கரசு துள்ளி எழுந்தார். பயம் போய், மகிழ்ச்சி தலைக்கேறியிருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். மேல் வரிசை, கீழ் வரிசை, கல்லறை, செராய், உத்தியோகம், ஹனீபா.

"அதனால அஞ்சடிதான்!" என்று முடித்தார். "நீங்க போட்ட கணக்கேதான். டேப்பும் அதையே சொல்லிருச்சு, பலகையும் அதையே சொல்லுது!"

அவர் சந்தோஷத்தில் புஷ்பவள்ளியும் சேர்ந்துகொள்வார் என்று நினைத்தார். நானும் நினைத்தேன்.

"டேப்பு சொல்லிருச்சு. பலகை சொல்லிருச்சு. மிஸஸ் தியோ சொல்லிட்டாங்க. ஹனீபா அண்ணன் போன்ல சொல்லிட்டாரு." புஷ்பவள்ளி விரல் விட்டு எண்ணினார். "நீங்க என்னா சொல்றீங்க?"

"நான்..." திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு எது வசதியோ, அது."

"இந்த வார்த்தையக் கேட்டுக் கேட்டுத்தான் நான் செராய் வாங்குனேன்."

மிஸஸ் தியோ வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியே குனிந்துகொண்டார்.

"பதினோரு வருசம்" என்றார் புஷ்பவள்ளி. குரல் உயரவில்லை. "என்னா சமைக்கட்டும்? உனக்கு எது வசதியோ. எங்க போவலாம்? உனக்கு எது வசதியோ. கோவமே பட மாட்டாரு. நல்ல மனுசந்தான். ஆனா அந்த வீட்டுல நான் வேணுமா வேணாமான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரிலே. இப்ப நீங்க ஒரு கட்டிலுக்கு ஊரு பூரா கேட்டுட்டீங்க. என்னையத் தவிர."

திருநாவுக்கரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தூள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை, அந்த மட்டில் நான் அவரை மெச்சுகிறேன். ஒன்பது வருடமாகப் பழைய கட்டிலின் ஓரத்தில், ஒரு கை அகலத்தில், சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்குகிற மனிதர். இன்னொரு ஆளுக்கு எவ்வளவு இடம் கேட்கலாம், எவ்வளவு பக்கத்தில் வரலாம் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. மறந்துபோய்விட்டது என்று சொல்லவும் வெட்கம்.

(புஷ்பவள்ளி இப்போது திரும்பிப் போய்விடலாம். கிராப் காடி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. அவர் போய்விட்டால் இந்தக் கதை ஓர் உயர்ந்த சோகக் கதை ஆகும், யாராவது பரிசுகூடக் கொடுப்பார்கள். 'புஷ்பவள்ளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு' என்று எழுதிவிட்டு என் பேனா நின்றது.)

புஷ்பவள்ளி பையைத் தோளிலிருந்து கழற்றி வைத்தார். காலால் இரண்டு பலகையை ஒதுக்கினார். சிமெண்டுத் தரையில் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

"ஆள அளக்காம நான் கத்தரியத் தொட்டதே இல்லே. வாங்க, படுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

"மிஸஸ் தியோ பாக்குறாங்க..."

"பாக்கட்டும் லா. அவங்களும் அளவு தெரிஞ்சுக்கட்டும்."

10.

காலை பதினோரு மணி. ஜெலுத்தோங்கில் பட்டப்பகல். திருநாவுக்கரசு படுத்தார். இருவருக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் தாராளமாகப் போகலாம்.

"நடுவுல யாரு வர்றாங்க?" என்றார் புஷ்பவள்ளி, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

திருநாவுக்கரசு நகர்ந்தார். ஒரு நூல்.

"நகந்துட்டீங்களா?"

"நகந்துட்டேன்."

"தெரிலே."

இன்னும் நகர்ந்தார். முதுகுக்கடியில் மரத்தூள் கரகரத்தது. மோட்டார் சைக்கிள் சைக்கிளாகியது. சைக்கிள் ஒரு பூனை போகும் சந்தாகியது. அங்கே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது, ஏதோ பினாங்கு மலை ஏறியவர் போல. எனக்கும்தான், சத்தியமாக.

"இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்" என்றார் புஷ்பவள்ளி. "உங்களுக்கு என்னா வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

தெருவில் ரொட்டிக்காரரின் மணி ஒலித்துப் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"எனக்கு..." என்றார் திருநாவுக்கரசு. எட்டு விதமாக நான் எழுதிக் கொடுத்த எதுவும் இல்லை, அவருடைய சொந்த வாக்கியம். "எனக்கு உங்க பக்கத்துல இருக்கணும், வள்ளி. ரொம்பப் பக்கத்துல."

பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தார். கண் ஓரத்தில் ஈரம் இருந்தது, ஆனால் தையல்காரர் தையல்காரர்தான்.

"'ரொம்ப'ன்னா எவ்வளவு? அளவாச் சொல்லுங்க."

திருநாவுக்கரசு ஒரு எண் சொன்னார்.

எனக்குக் கேட்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் புஷ்பவள்ளி சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பா அது? கறிவேப்பிலை மரத்துக் குருவிகள் கலைந்து பறந்தன, மிஸஸ் தியோ வேலிக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டே விட்டார், அவரும் சிரித்தார், படுத்தபடியே திருநாவுக்கரசுவும் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த எண்ணை அடியோடு அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஐந்தா? ஐந்துக்கு இப்படியா சிரிப்பார்கள்? கடையில் ஒற்றை ஆள் கட்டில் மூன்றரை அடி. அதைச் சொல்லியிருப்பாரோ? ஒரு பத்தடிப் பலகையில் மூன்றரை இரண்டு எடுத்தால் மூன்றடி மிச்சம், அதற்கு என்ன செய்வார்கள் என்று நான் கணக்குப் போடத் தொடங்கும்போது புஷ்பவள்ளி எழுந்து உட்கார்ந்து, நேராக என்னைப் பார்த்தார். உங்களையும் சேர்த்துத்தான்.

"எழுதுனது போதும். பலகை வெட்டணும், வேலை கெடக்கு. கேட்டைச் சாத்திட்டுப் போங்க."

நான் சாத்திவிட்டு வந்துவிட்டேன். உள்ளே ரம்பம் ஓடும் சத்தம் கேட்கிறது. எவ்வளவுக்கு வெட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மூன்று ரவிக்கையில் ஒன்றை இன்னும் கொஞ்சம் பிரிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் இந்த வாரம் கடை திறக்காது என்று நினைக்கிறேன்.